குதிரைமேல் இருப்பவன் யார்?

2019-ம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ம் தேதி, அமெரிக்காவில் வர்ஜீனியா ராஜ்யத்தின் தலைநகரமாகிய ரிச்மாண்டில் ஒரு சிலைத் திறப்பு விழா நடைபெற்றது. அந்நகரத்தாருக்கு இத்தகைய விழா புதியதன்று. குதிரைமேல் ஏறிய சேனாதிபதிகளின் உருவங்களைத் திரை நீக்கிக் கண்டு கரகோஷம் செய்வது அங்கே 1890 முதல் வழக்கமாயிருந்தது. இம்முறையும் திரைக்குப் பின்னால் நின்றது வெண்கலத்தில் வார்த்த ஒரு குதிரைவீரன் உருவமே. கல் பீடத்தோடு அதன் உயரம் சுமார் 27 அடி. குதிரை ஒரு முன்காலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து செல்லத் தயாராக நிற்கிறது. வீரன் சேணத்தில் அமர்ந்தபடியே உடலைத் திருப்பிப் பார்க்கிறான். இவ்வளவும் பழைய மாதிரிதான்.

ஆனால் திரை விழுந்ததும் ஜனங்கள் கண்ட முகம் அந்நகரம் அதுவரை குதிரைமேல் கண்டறியாத முகம். அவன் ஒரு கறுப்பு இளைஞன். சடைசடையான கேசத்தைத் தூக்கிக் கட்டியிருக்கிறான். ராணுவ உடுப்பும் தோட்பட்டைச் சின்னங்களும் அவனுக்கு இல்லை. ஹூடி என்று அந்நாட்டில் வழங்கும் தலைமறைப்புள்ள மேற்சட்டையும், முழங்காலில் கிழிந்த கால்சட்டையும், கணுக்கால்வரை மூடிய ஜோடுகளும் அணிந்திருக்கிறான். கையில் கடிவாளம் உண்டு, வாள் இல்லை. அமெரிக்க நகரங்களில் எந்தத் தெருமுனையிலும் தினந்தோறும் காணக்கூடிய ஒரு பையன், ஓர் அரசனுக்குரிய ஆசனத்தில் ஏறி அமர்ந்திருக்கிறான்.

இவன் யார்? எந்த யுத்தத்தில் ஜயித்தான்? இவனுக்கு இந்த உயரத்தைக் கொடுத்தவர் யார்? இக்கேள்விகள் பார்ப்பவர் மனத்தில் தாமாகவே எழுகின்றன. எழவேண்டும் என்பதுதான் சிலையைச் செய்தவரின் நோக்கம். ஏனெனில், இதே கேள்விகளை அங்கிருந்து சுமார் ஒரு மைல் தூரத்தில் நின்ற வேறொரு சிலையைப் பார்த்து நூறு வருஷங்களுக்கு மேலாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்டவர் சிலரே, அவர்களுடைய குரலும் எடுபடவில்லை.

மூலச் சிலை

அந்த வேறொரு சிலை ஜேம்ஸ் ஈவெல் பிரவுன் ஸ்டூவர்ட் என்ற குதிரைப்படைச் சேனாதிபதியினுடையது. 1861-ம் வருஷத்தில் அமெரிக்காவின் தென் ராஜ்யங்கள் பதினொன்று ஐக்கியத்தினின்றும் பிரிந்து தனிக் கூட்டரசு ஒன்றை ஸ்தாபித்தபோது, ரிச்மாண்ட் அதன் தலைநகராயிற்று. ராஜ்யங்களின் உரிமைக்காகவே அப்பிரிவினை நிகழ்ந்தது என்று பின்னால் பலர் எழுதினார்கள். ஆனால் அக்கூட்டரசின் உபதலைவராயிருந்த அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச் 21-ம் தேதி ஸவானா நகரில் செய்த பிரசங்கத்தில், கறுப்பன் வெள்ளையனுக்குச் சமமானவன் அல்லன், அடிமைத்தனமே அவனுக்கு இயல்பான நிலை என்ற கொள்கையே தங்கள் புதிய சர்க்காரின் மூலைக்கல் என்று ஒளிவுமறைவின்றிக் கூறினார். ஸ்தாபித்தவரே சொன்ன பிறகு நாம் வேறு காரணம் தேடவேண்டிய அவசியமில்லை. 1860-ம் வருஷத்து ஜனக் கணக்குப்படி அந்நாட்டில் அடிமைகளாயிருந்தவர் 39 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் சுமார் 4,90,000 பேர் வர்ஜீனியாவிலேயே இருந்தனர். வேறு எந்த ராஜ்யத்திலும் அவ்வளவு பேர் இல்லை. மனிதரை ஏலம் கூறி விற்ற சந்தைகளில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியாகப் பெரியது ரிச்மாண்டில்தான் நடந்தது.

ஸ்டூவர்ட் அஞ்சாநெஞ்சன், சிறந்த குதிரையேற்றக்காரன். 1862-ல் எதிரிப் படை முழுவதையும் குதிரைப்படையோடு சுற்றி வந்து தகவல் கொணர்ந்த செய்கை அவனுக்குப் பெரும்புகழ் அளித்தது. அதற்கு முன்னர், அடிமைகளை விடுவிக்க ஆயுதமேந்திய ஜான் பிரவுனை 1859-ல் ஹார்ப்பர்ஸ் பெரி என்ற இடத்தில் பிடித்தபோது, சரணடையும் நிபந்தனைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் அவனே. 1864 மே மாதத்தில் ரிச்மாண்டுக்கு அருகே நடந்த சண்டையில் காயமுற்று 31-வது வயதில் மாண்டான். அவனது வீரத்தை நாம் மறுக்கவில்லை. எதன் பொருட்டு அந்த வீரம் செலவாயிற்று என்பதே விஷயம்.

துக்கமும் அதிகாரமும்

மாண்டவர்களுக்காக அழுவது மனித இயல்பு. தோற்ற கட்சியார் தம் புதல்வருக்கு ஞாபகச் சின்னம் எழுப்புவதை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள். அத்தகைய சின்னம் ரிச்மாண்டில் வெகு முன்னதாகவே எழும்பிவிட்டது. ஹாலிவுட் என்ற பெயருள்ள மயானத்தில், தென்னாட்டுப் படையைச் சேர்ந்த சுமார் 18,000 வீரர்களின் சமாதிகளுக்கிடையே, 90 அடி உயரமுள்ள கருங்கல் கோபுரம் ஒன்று 1869-ல் கட்டி முடிந்தது. ஸ்டூவர்ட்டின் சமாதியும் அதே மயானத்தில்தான் இருக்கிறது. துக்கத்துக்குரிய இடம் அது. துக்கம் அங்கே கௌரவமாகவே அனுஷ்டிக்கப்பட்டது.

பிறகு மாளிகைகள் நிறைந்த அகன்ற வீதியில் வரிசையாகச் சிலைகள் எழுந்தன. 'ஞாபகச் சின்ன வீதி' என்றே அதற்குப் பெயரும் ஏற்பட்டது. முதலில் வந்தது தென்னாட்டுப் படையின் பிரதம சேனாதிபதி ராபர்ட் லீயின் சிலை. 1890 மே 29-ம் தேதி அதைத் திறந்தபோது லட்சம் பேருக்கு மேல் கூடினர். 1907 மே 30-ம் தேதி பிரடெரிக் மாய்னிஹன் என்ற சிற்பி செய்த ஸ்டூவர்ட் சிலையும், நான்கு நாட்கள் கழித்துக் கூட்டரசின் தலைவர் ஜெபர்ஸன் டேவிஸின் சிலையும் திறக்கப்பெற்றன. 1919-ல் ஜாக்ஸனும் 1929-ல் மோரியும் வந்து சேர்ந்தனர். கடைசிச் சிலை எழும்பியபோது யுத்தம் முடிந்து 64 வருஷங்கள் கழிந்துவிட்டன. லீ உயிரோடிருந்தபோது 1869-ல், யுத்த நினைவுகளைக் கல்லில் நிலைநாட்ட வேண்டாம், புண்களைத் திறந்தே வைத்திருப்பது விவேகமன்று என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அவருடைய பக்தர்கள் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்கவில்லை.

இவ்வளவு காலம் கழித்து ஏன் இத்தனை அவசரம்? விடை, அதே காலத்தில் வர்ஜீனியா செய்துகொண்ட அரசியல் சட்டத்தில் இருக்கிறது. யுத்தத்துக்குப் பின்னர் கறுப்பு மக்கள் ஓட்டுரிமை பெற்றார்கள். சட்டசபையிலும் நகரசபையிலும் அங்கம் வகித்தார்கள். 1902-ம் வருஷத்துப் புதிய அரசியல் சட்டம், தலைவரியும் அரசியல் சட்டத்தை விளங்கச் சொல்லும் பரீட்சையும் விதித்து, அவர்களில் மிகப் பெரும்பாலோரை ஓட்டர் ஜாபிதாவிலிருந்து துரத்திவிட்டது. அதன் பிறகு ஐந்து வருஷத்தில் ஸ்டூவர்ட்டும் டேவிஸும் பீடமேறினார்கள். இடையே, யுத்த ஞாபகச் சின்னங்களை அகற்றவொட்டாமல் தடுக்கும் சட்டம் ஒன்றும் 1904-ல் பிறந்தது. இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒரு சாராரை ஓட்டுப்பெட்டியருகே வரவொட்டாமல் தடுத்த கையே, அவர்களை அடிமைகளாக வைத்திருக்கப் போராடியவனை நாற்சந்தியில் ஏற்றி வைத்தது. ஏற்றியதோடு நில்லாமல், பிறகு யாரும் இறக்காதபடி பூட்டும் போட்டது.

ஒரு பத்திராதிபரின் வாக்கு

அக்காலத்தில் இதைக் கண்டு வாய் திறந்தவர் ஒருவரும் இல்லையா? இருந்தார். அவர் பெயர் ஜான் மிச்சல். 1863-ல் ரிச்மாண்டுக்கு அருகே அடிமையாகப் பிறந்தவர். 21-வது வயதில் 'ரிச்மாண்ட் பிளானட்' என்ற பத்திரிகையின் ஆசிரியரானார். கறுப்பு மக்களை மரத்தில் தூக்கிக் கொல்லும் கொடுமையை எதிர்த்து, உயிருக்கு வந்த மிரட்டல்களைப் பொருட்படுத்தாமல் எழுதினார். 1904-ல் டிராம் வண்டிகளில் கறுப்பர்களைப் பிரித்து உட்கார வைத்தபோது, அவ்வண்டிகளில் ஏறுவதில்லை என்ற பகிஷ்காரத்தையும் முன்னின்று நடத்தினார். லீ சிலைத் திறப்பு விழாவுக்கு நகரசபைப் பணத்தைச் செலவிடும் தீர்மானம் வந்தபோது, அவர் அச்சபையில் அங்கத்தினர். எதிர்த்தார், தோற்றார்.

தோற்ற பிறகு 1890 ஜூன் மாதத்தில் தம் பத்திரிகையில் அவர் எழுதியதன் சாரம் இது: அந்தச் சிலையை ஏற்றி நிறுத்திய உழைப்பு கறுப்பனுடையது, காலம் வந்தால் அதைக் கீழே இறக்கவும் அவனே அங்கிருப்பான். அன்று அதைப் படித்தவர்களுள் பலர் சிரித்திருக்கலாம். அந்த வாக்கு என்னவாயிற்று என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.

மண்டியிட்ட உருவம்

சேனாதிபதிகளை மட்டும் பேசிவிட்டு, கறுப்பு மக்களைச் சிலைகளில் எவ்வாறு காட்டினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 1876 ஏப்ரல் 14-ம் தேதி வாஷிங்டனில் ஒரு விடுதலைச் சிலை திறக்கப்பெற்றது. தாமஸ் பால் என்பவர் செய்தது. அதில் ஆப்ரஹாம் லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில், விலங்கு தெறித்த கறுப்பு மனிதன் ஒருவன் அரை நிர்வாணமாக மண்டியிட்டிருக்கிறான். அச்சிலைக்குப் பணம் கொடுத்தவர்கள் விடுதலை பெற்ற அடிமைகள். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த சார்லட் ஸ்காட் என்ற ஸ்திரீ தம் உழைப்பில் ஈட்டிய ஐந்து டாலர்தான் முதல் நன்கொடை. ஆனால் உருவம் எப்படியிருக்கவேண்டும் என்று அந்த ஏழைகளை யாரும் கேட்கவில்லை. பணம் அவர்களுடையது, தீர்மானம் வெள்ளைக் கனவான்களின் கமிட்டியுடையது. அதனால்தான் விடுதலை பெற்றவன் விடுதலைச் சிலையிலும் எழுந்து நிற்கவில்லை.

அன்று அவ்விழாவில் பிரசங்கம் செய்த பிரடெரிக் டக்ளஸ் தாமும் அடிமையாயிருந்து தப்பி வந்தவர். சில நாட்களில் அவர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தாம் சாகுமுன், மண்டியிடாமல் தன் சொந்தக் காலில் மனிதனாக நிமிர்ந்து நிற்கும் கறுப்பனுக்கு ஒரு ஞாபகச் சின்னம் காண விரும்புவதாக அதில் கூறினார். டக்ளஸ் 1895-ல் காலமானார். அந்தச் சிலை இன்னும் வாஷிங்டனில் இருக்கிறது. பாஸ்டன் நகரிலிருந்த அதன் பிரதி மட்டும் 2020 டிசம்பரில் அகற்றப்பட்டது.

ரிச்மாண்டிலும் நிலைமை வேறல்ல. உள்நாட்டு யுத்தத்தில் ஐக்கியத்தின் படையில் சேர்ந்து போரிட்ட கறுப்புச் சிப்பாய்கள் சுமார் 1,80,000 பேர். 1864 செப்டம்பர் 29-ம் தேதி ரிச்மாண்டுக்கு வெளியே நியூ மார்க்கெட் ஹைட்ஸ் என்னுமிடத்தில் நடந்த சண்டையில் மட்டும் அவர்களில் 14 பேர் நாட்டின் தலைசிறந்த வீரப் பதக்கத்தைப் பெற்றனர். வீரம்தான் பீடத்துக்குத் தகுதியென்றால் இவர்களுக்கு என்ன குறை? ஆயினும், தோற்ற கட்சியின் சேனாதிபதிகளுக்குக் கிடைத்த வீதியில், ஜயித்த கட்சியின் இந்தச் சிப்பாய்களுக்கு ஒரு கல்லும் கிடைக்கவில்லை.

சித்திரக்காரர் வைலி

இனி, 2019-ம் வருஷத்துச் சிலையைச் செய்தவரிடம் வருவோம். கேஹிண்டே வைலி 1977-ல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பிறந்தவர். தாயார் அமெரிக்கக் கறுப்பு இனத்தவர், தகப்பனார் நைஜீரியர். சிறுவயதில் அந்நகரத்துச் சித்திரசாலைகளில், பட்டும் ஜரிகையும் உடுத்த ஐரோப்பியப் பிரபுக்களின் பழைய ஓவியங்களைப் பார்த்து மோகித்தார். பார்க்கப் பார்க்க, அச்சுவர்களில் தம்மைப் போன்ற ஒரு முகமும் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. பின்னர் நியூயார்க்கில் ஹார்லெம் பகுதியில் வசித்தபோது, போலீஸார் எடுத்த ஒரு கறுப்பு இளைஞனின் படம் அச்சிட்ட காகிதம் தெருவில் கசங்கிக் கிடப்பதைக் கண்டெடுத்தார். அதுவும் ஒரு சித்திரந்தான் என்று அவருக்குத் தோன்றிற்று. ஒருவன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறான் என்பதற்கு ஐரோப்பியப் பிரபுவின் படம் சாட்சி. தன்னைக் காட்டிக்கொள்ளும் உரிமையே இல்லாதவனைப் பிறர் எப்படிக் காட்டுகிறார்கள் என்பதற்குப் போலீஸ் படம் சாட்சி.

அன்று முதல் அவர் தெருவில் கண்ட சாமானிய இளைஞர்களை அழைத்து, அவர்கள் உடுத்தியிருந்த உடையோடேயே, பழைய அரசர்களும் பிரபுக்களும் நின்ற கோலத்தில் நிறுத்தி எழுதலானார். ஆல்ப்ஸ் மலையைக் கடக்கும் நெப்போலியனின் பிரசித்தி பெற்ற ஓவியத்தை, குதிரைமேல் ஒரு கறுப்பு இளைஞனை ஏற்றி 2005-ல் மீண்டும் எழுதினார். பராக் ஒபாமாவின் படத்தை எழுதும் கௌரவமும் அவருக்குக் கிடைத்தது. 2018 பிப்ரவரியில் அது வாஷிங்டனில் திறந்து வைக்கப்பட்டது.

2016-ல் வர்ஜீனியா நுண்கலைப் பொருட்காட்சிசாலையில் அவருடைய ஓவியங்களின் கண்காட்சி நடந்தது. அதற்காக ரிச்மாண்டுக்குச் சென்றபோதுதான் வைலி அந்தச் சிலை வீதியைக் கண்டார். ஸ்டூவர்ட்டின் சிலை அவரைத் தடுத்து நிறுத்திற்று. அது அழகான சிலை. அதன் வேகமும் கம்பீரமும் எந்தக் கலைஞனையும் கவரக்கூடியவை. அந்த அழகு தம் முன்னோரை அச்சுறுத்துவதற்குப் பயன்பட்டது என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆகவே அதை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டார். குதிரையின் நடை, வீரனின் திரும்பிய உடல், பார்ப்பவன் கழுத்தை அண்ணாந்து பார்க்கச் செய்யும் உயரம், எல்லாம் பழையபடியே. மாற்றியது ஏறியிருப்பவனை மட்டும்.

பைபிளில் மத்தேயு சுவிசேஷத்தின் 24-ம் அதிகாரத்தில் வரும் ஒரு சொற்றொடரைச் சிலைக்குப் பெயராக வைத்தார்: 'யுத்தங்களின் வதந்திகள்'. 2019 செப்டம்பர் 27-ம் தேதி நியூயார்க்கில் டைம்ஸ் சதுக்கத்தில், விளம்பர விளக்குகளின் நடுவே, சிலை முதலில் ஜனங்களுக்குக் காட்டப்பட்டது. பிறகு ரிச்மாண்டுக்கு வந்து பொருட்காட்சிசாலையின் முன்புறத்தில் நிரந்தரமாக நின்றது. அந்தக் காட்சிசாலை நிற்கும் நிலம், தென்னாட்டுப் படையின் வயோதிகச் சிப்பாய்களுக்கு விடுதியாயிருந்த நிலம். பக்கத்துக் கட்டடம், தென்னாட்டு வீரரின் குமாரத்திகள் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் சங்கத்தின் தலைமை ஸ்தலம். சிலை எதிரே உள்ள வீதியோ, ரிச்மாண்டில் பிறந்து, கறுப்பனென்பதால் சிறுவயதில் வெள்ளையர் டென்னிஸ் மைதானங்களில் ஆடவிடப்படாத ஆர்தர் ஆஷின் பெயரால் அதே 2019-ல் மாற்றி அழைக்கப்பட்ட வீதி. இடத்தைத் தேர்ந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேரவில்லை.

ஆட்சேபங்கள்

இச்சிலைக்கு ஆட்சேபங்கள் உண்டு, அவற்றை மறைக்கலாகாது. வீரனைப் பரிகசிக்கிறது என்பது ஒன்று. ஆனால் இளைஞனின் முகத்தில் பரிகாசத்தின் குறி ஏதும் இல்லை. சிற்பி அவனை வெகு கௌரவமாகவே வார்த்திருக்கிறார். ஹூடி அணிந்த பையன் ஒருவனைக் குதிரைமேல் கண்டால் பரிகாசமென்று நமக்குத் தோன்றுமானால், அந்தப் பரிகாசம் சிலையில் இருக்கிறதா, நம் கண்ணில் இருக்கிறதா? 2012-ல் ப்ளோரிடாவில் அதே உடுப்பு அணிந்து கடைக்குப் போய் வந்த 17 வயதுக் கறுப்புச் சிறுவன் ஒருவன், சந்தேகத்துக்குரியவன் என்று கருதப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டான். அந்த உடுப்பை நாடு எவ்விதம் பார்த்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி. வைலி அந்த உடுப்பை வெண்கலத்தில் வார்த்து 27 அடி உயரத்தில் வைத்தார்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவுள்ளது. குதிரையும் உயரமும் ஆளுபவனின் சின்னங்கள். ரோமாபுரியில் மார்க்கஸ் அரேலியஸ் சக்கரவர்த்தியின் வெண்கலக் குதிரை தொட்டு ஐரோப்பிய மன்னர்களின் குதிரைகள் வரையில், கீழே நிற்பவன் பணியவேண்டும் என்பதே அச்சிலைகளின் பாஷை. அதே பாஷையில் பதில் சொல்வது, அப்பாஷையை ஒப்புக்கொள்வதாகாதா? மேலும், ஏறியிருப்பவன் இப்பொழுதும் ஆண்மகன்தானே? பெண்களின் இடம் எங்கே? இது நியாயமான கேள்வி. அதே ரிச்மாண்டில், 1903-ல் ஒரு பாங்கியை ஸ்தாபித்து ஏழைகளின் காசுகளைச் சேமித்துக் காத்த மேகி வாக்கர் என்ற கறுப்பு மாதரசிக்கு 2017-ல் சிலை வைத்தார்கள். அந்த அம்மையார் தரையையொட்டி நின்ற கோலத்திலேயே இருக்கிறார். கௌரவத்துக்குக் குதிரை அவசியமில்லை என்பதை அச்சிலை காட்டுகிறது.

எனினும் வைலியின் சிலை வேறொரு வேலை செய்கிறது. அதன் வீரனுக்குப் பெயரில்லை. அவனை வணங்கு என்று அது சொல்லவில்லை. இவனுக்கு இந்த இடம் பொருந்தவில்லை என்று தோன்றுகிறதா, அப்படியானால் முன்னிருந்தவனுக்கு எப்படிப் பொருந்திற்று என்று கேட்கிறது. பழகிப்போன கண்ணுக்கு மூலச் சிலை ஊரின் இயற்கையில் ஒரு பகுதியாகிவிட்டிருந்தது. மரத்தைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துச் சென்றார்கள். அதுவும் ஒரு கட்சியின் வாதமே என்பதைக் காட்ட, அதைப்போலவே இன்னொன்று எதிரே நிற்க வேண்டியிருந்தது.

வாக்குப் பலித்த விதம்

வைலியின் சிலை நாட்டப்பட்டு ஆறு மாதம் ஆகுமுன், 2020 மே 25-ம் தேதி மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்ட் என்பவர் போலீஸ்காரர் ஒருவரின் முழங்காலின் கீழ் மூச்சடைத்து இறந்தார். நாடெங்கும் கிளர்ச்சி மூண்டது. ஜூன் 10-ம் தேதி இரவு ரிச்மாண்டில் ஜெபர்ஸன் டேவிஸ் சிலையை ஜனங்களே கயிறு கட்டி இழுத்துத் தள்ளினார்கள். 1904-ம் வருஷத்துப் பூட்டைத் திறக்கும் புதிய சட்டம் ஜூலை 1-ம் தேதி அமலுக்கு வந்தது; அன்றே ஜாக்ஸன் சிலை இறக்கப்பட்டது. ஜூலை 7-ம் தேதி ஸ்டூவர்ட்டின் முறை. லீயின் சிலை வழக்கு மன்றங்களில் ஒரு வருஷத்துக்கு மேல் தாமதித்து, ராஜ்யத்தின் உயர்ந்த நீதிமன்றம் அனுமதித்த பின் 2021 செப்டம்பர் 8-ம் தேதி கீழே இறங்கிற்று.

அவ்வேலையை ஏற்று நடத்திய ஒப்பந்தக்காரர் ஒரு கறுப்பர். ஜான் மிச்சல் எழுதி 131 வருஷங்கள் கழித்து அவர் வாக்கு எழுத்துக்கு எழுத்துப் பலித்தது. பிறகு அச்சிலைகள் யாவும் வர்ஜீனியாவின் கறுப்பர் சரித்திரப் பொருட்காட்சிசாலையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டன. டேவிஸின் சிலை, கிளர்ச்சிக்காரர்கள் பூசிய வர்ணத்தோடேயே, 2022-ல் அந்நகரத்து வாலண்டைன் காட்சிசாலையில் படுத்த நிலையில் பார்வைக்கு வைக்கப்பட்டது.

சிலை இறங்கியதற்குக் கிளர்ச்சி மட்டும் காரணம் என்று எண்ணுவது தவறு. டேவிஸ் சிலையை இழுத்தது கயிறு; மற்றவற்றை இறக்கியது சட்டம். அந்தச் சட்டம் கிளர்ச்சிக்கு முன்னரே, 2020 ஏப்ரலில், நிறைவேறிவிட்டது. நிறைவேற்றிய சட்டசபை, 1902-ம் வருஷத்து ஜாபிதாவைக் கொண்டு தெரிந்தெடுக்கப்பட்டது அன்று. 19-ம் நூற்றாண்டுக்குப் பிறகு ரிச்மாண்டு நகரசபையில் ஒரு கறுப்பர் மீண்டும் ஸ்தானம் பெற்றது 1948-ல். ஓட்டுரிமைச் சட்டம் வந்தது 1965-ல். தலைவரி செல்லாதென்று தீர்ப்பானது 1966-ல். நகரசபையில் கறுப்பர் பெரும்பான்மையும் கறுப்பர் மேயரும் வந்தது 1977-ல். அந்த வீதியில் முதன்முதலாக ஒரு கறுப்பருடைய சிலை, ஆர்தர் ஆஷின் சிலை, நின்றது 1996-ல். ஓட்டுப்பெட்டியில் இடம் கிடைத்த வரிசையிலேயே வீதியிலும் இடம் கிடைத்தது. மிச்சல் நகரசபையில் தோற்றபோது லீ ஏறினார். மிச்சலின் சந்ததியார் சபைகளில் ஜயித்தபோது லீ இறங்கினார்.

இனி என்ன?

இன்று ஸ்டூவர்ட் நின்ற நாற்சந்தியில் அவருடைய பீடமும் இல்லை. கேள்வி போய்விட்டது, பதில் மட்டும் ஒரு மைல் தள்ளி நிற்கிறது. இனிப் பிறக்கும் குழந்தைகள் வைலியின் குதிரைவீரனை மட்டுமே காண்பார்கள். மூலம் இல்லாத மறுமொழிக்கு மதிப்புண்டா என்று சிலர் கேட்கிறார்கள். மதிப்பு குறையவில்லை என்பதே நமது அபிப்பிராயம். முன்பு அச்சிலை ஒரு சேனாதிபதியைப் பார்த்துக் கேட்ட கேள்வியை, இப்பொழுது காலியான எல்லாப் பீடங்களையும் பார்த்துக் கேட்கிறது. அடுத்தபடி ஏற்றப்போவது யாரை? யாருடைய பணத்தில்? யாரைக் கேட்டு?

சார்லட் ஸ்காட்டின் ஐந்து டாலரை வாங்கிக்கொண்டு, அவருடைய அபிப்பிராயத்தைக் கேளாமல் விட்டார்கள்; அதன் பலன் மண்டியிட்ட மனிதன். மிச்சலின் ஓட்டை எண்ணிப் பார்த்து, சிறுபான்மையென்று தள்ளினார்கள். அதன் பலன் 131 வருஷம் நின்ற லீ. ஆகவே ஒரு நகரத்தின் சிலைகளைப் பார்க்கச் செல்பவர், சிற்பியின் திறமையைப் பார்த்து வியந்ததோடு திரும்பிவிடலாகாது. அது ஏறிய வருஷத்தில் அந்நகரத்தில் ஓட்டுப் போட்டவர் யார், போட முடியாதவர் யார் என்பதையும் விசாரிக்க வேண்டும். ரிச்மாண்டில் அந்த விசாரணைக்கு மனிதரைத் தூண்டியபடி, பெயரில்லாத ஓர் இளைஞன் குதிரைமேல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.